பிரஷர் 98-க்கு இறங்கிவிட்டது... எந்த மாத்திரையைக் குறைப்பது?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

பிரஷர் ஏறுவதைப் பற்றித்தான் வழக்கமாகக் கடிதங்கள் வரும். வெயில் ஏறியதும் கேள்வி தலைகீழாகிவிட்டது. வருஷக்கணக்கில் போட்டு வந்த அதே மாத்திரை, அதே அளவு. பிரஷர் மட்டும் 100-க்குக் கீழே. அப்படி வந்தவற்றில் சில இங்கே.

என் அப்பாவுக்கு 71 வயது. எட்டு வருஷமாக டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்று மூன்று மாத்திரைகள். போன மாதம் வரை 128/76 என்று இருந்தது. மூன்று வாரமாக 98/58, 102/60 என்று காட்டுகிறது. காலையில் எழுந்தால் கிறுகிறுப்பு. ஒருநாள் மாத்திரை போடாமல் பார்த்தார், அப்போதும் 104. “மாத்திரை காரணமில்லை” என்று சொல்லி மறுபடி மூன்றையும் போடுகிறார். என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

அப்பா செய்த சோதனையில்தான் கோளாறு. அம்லோடிபின் ஒருநாளில் உடம்பை விட்டுப் போகிற மருந்து இல்லை. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். முழுக்க வடிய ஒரு வாரத்துக்கு மேல். டெல்மிசார்டானும் சுமார் 24 மணி நேரத்தில்தான் பாதியாகும். ஒருவேளை விட்டுவிட்டுப் பார்த்தால் மருந்து உள்ளே இருக்கும்போதே அளந்ததாகிவிடும். மாத்திரை காரணமா இல்லையா என்பதற்கு அந்த 104 பதிலே ஆகாது.

முதலில் ஓர் அளவு எடுங்கள். உட்கார்ந்து பார்க்கும் பிரஷர் மட்டும் போதாது. காலையில் மாத்திரைக்கு முன், அப்பா ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்கட்டும். படுத்தபடியே ஒரு முறை. பிறகு எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் இன்னொரு முறை. நிற்கும்போது கை கீழே தொங்கக் கூடாது. தொங்கினால் மெஷின் கூடுதலாகக் காட்டி, இறக்கத்தை மறைத்துவிடும். முழங்கையை நெஞ்சு உயரத்துக்குத் தாங்கிப் பிடியுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்பது கட்டாயம். கண் இருட்டினால் உடனே உட்கார வைத்துவிட வேண்டும்.

நோட்டில் இப்படி எழுதுங்கள்: “காலை 6.40. படுக்கையில் 118/68, நாடி 70. நின்று ஒரு நிமிடம் 92/58, நாடி 92. மூன்று நிமிடம் 96/60, நாடி 90. கிறுகிறுப்பு உண்டு.” மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால், எழும்போது விழும் ஆபத்து உண்டு என்று அர்த்தம். நாடியையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரஷர் இறங்கும்போது நாடி நன்றாக எகிறினால், உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்று சந்தேகிப்போம். நாடி ஏறக்குறைய அசையாமலே இருந்தால், சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அல்லது இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உள்ளே இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அடுத்து, எட்டு வருஷம் ஒத்துப்போன அளவு இந்த மூன்று வாரத்தில் ஏன் அதிகமானது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், எதைக் குறைப்பது என்பதற்கும் பாதி விடை கிடைத்த மாதிரி. பசி குறைந்து சாப்பாடு பாதியானதா? உடம்பு இளைத்ததா? சமீபத்தில் உப்பைக் கறாராகக் குறைத்தீர்களா? வியர்வைக்கு ஈடாகத் தண்ணீர் குடிக்கிறாரா, அல்லது பாத்ரூம் போக வேண்டுமே என்று குடிக்காமல் இருக்கிறாரா? வேறு டாக்டர் புதிதாக ஏதாவது எழுதினாரா? புராஸ்டேட் மாத்திரை, தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் எல்லாமே பிரஷரை இறக்கக்கூடியவை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்றும் கேளுங்கள். அது வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம். அப்படியென்றால் மாத்திரைக் கணக்கெல்லாம் அப்புறம், அன்றே மருத்துவமனை.

டாக்டர் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி. கேட்பார். சோடியத்தை அலட்சியம் செய்யாதீர்கள். வயதானவர்களுக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை சோடியத்தை இறக்கிவிடும். அந்தத் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் “வயசாச்சு” என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இனி குறைப்பது. மூன்றையும் ஒரே நாளில் நிறுத்துவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாத்திரை, ஒரே ஒரு மாற்றம். நின்றால் கிறுகிறுப்பு, வெயில் காலம், 71 வயது என்று சேரும்போது முதலில் நீர் மாத்திரையை எடுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்து சிறுநீரில் புரதமும் போகிறது என்றால் டெல்மிசார்டானில் கை வைக்கத் தயங்குவார்கள்; அது சிறுநீரகத்தைக் காக்கவும் சேர்த்துக் கொடுத்தது. கணுக்கால் வீங்கியிருந்தால் அம்லோடிபினை 5-லிருந்து 2.5 ஆக்கலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அம்லோடிபின் தொடங்கிய சில வாரத்தில் கால் வீங்கும், வீக்கத்துக்கு என்று நீர் மாத்திரை சேரும், நீர் மாத்திரையால் தலை சுற்றும், தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை வரும். இத்தனைக்கும் அம்லோடிபின் வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. அப்பாவுக்கு அந்த 12.5 எதற்காக எப்போது சேர்க்கப்பட்டது என்று பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு அது ரத்தப் பரிசோதனையை விடப் பயன்படலாம்.

மாற்றம் செய்த பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். காலை மாத்திரைக்கு முன்னும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு அளவு. இரண்டு வாரம் கழித்தும் மேல் எண் 110-க்குக் கீழேயே இருந்து கிறுகிறுப்பும் தொடர்ந்தால் அடுத்த மாத்திரையைப் பற்றிப் பேசலாம். வீட்டு அளவின் சராசரி 135/85-ஐத் தாண்டினால் குறைத்தது கூடுதல் என்று பொருள். அதோடு முடிந்தது என்று நோட்டை மூடிவிடாதீர்கள். வெயிலில் இறங்கிய பிரஷர் மார்கழிக் குளிரில் ஏறும். பழைய அளவு அப்போது மறுபடி தேவைப்படலாம்.

இதற்கிடையே மேல் எண் 90-க்குக் கீழே போனால் அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மயங்கி விழுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஜில்லென்று வியர்த்தல், பேச்சில் குழப்பம், காய்ச்சலோடு பிரஷர் இறங்குதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் போன் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, 108.

வீட்டு மெஷினில் 94/60. ஆஸ்பத்திரியில் 118/76. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், கோவை

அவசரப்படாதீர்கள், இரண்டுமே சரியாக இருக்கவும் வாய்ப்பிருக்கிறது. டாக்டரைப் பார்த்ததும் பிரஷர் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரி அளவை மட்டும் பார்த்து மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனால், வீட்டில் நிஜமாகவே குறைவாகத்தான் இருக்கும்.

மெஷினைச் சந்தேகிப்பதானால் முதலில் கைப்பட்டையைப் பாருங்கள். தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளங்கள். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கு உரியது, பட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒல்லிக் கைக்குப் பெரிய பட்டை சுற்றினால் பிரஷர் குறைத்துக் காட்டும். குண்டுக் கைக்குச் சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். பட்டை முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே இருக்கட்டும், உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு.

அடுத்தது கையின் உயரம். உயரமான டைனிங் டேபிளிலோ நாற்காலியின் முதுகிலோ கையைப் போட்டு அளக்கிறீர்களா? கை நெஞ்சு மட்டத்துக்கு 15 செ.மீ. மேலே இருந்தாலே அளவு 11 வரை குறையும். மணிக்கட்டில் கட்டும் மெஷினில் இந்தத் தவறு இன்னும் சுலபமாக நடக்கும்.

எப்போது அளந்தீர்கள் என்பதும் முக்கியம். வயதானவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் பிரஷர் நன்றாக இறங்கும். காலை மாத்திரையும் அந்நேரம் உச்சத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபியும் பீடி சிகரெட்டும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். இப்படி ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு, மீதியின் சராசரியைப் பாருங்கள். அதன்பின் மெஷினைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், அங்கே அளந்த அதே கையில் அதே நேரத்தில் இதையும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் வீட்டு அளவை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைக்கலாம். மெஷினில் இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பதாக அடையாளம் விழுந்தால், அல்லது அடுத்தடுத்த அளவுகள் தாறுமாறாக இருந்தால், ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு டிஜிட்டல் மெஷின் தடுமாறும்.

இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை போடுகிறேன். அதைப் பாதியாக உடைத்துப் போட்டால் அளவு பாதியாகிவிடுமா?
– வாசகி, திருச்சி

மாத்திரையை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் சிவப்போ மஞ்சளோ என்று இரண்டு அடுக்காக இருக்கிறதா? டெல்மிசார்டான் கூட்டு மாத்திரைகள் பல இப்படித்தான் இருக்கும். ஓர் அடுக்கில் ஒரு மருந்து. கத்தி கொஞ்சம் சாய்ந்தாலும் அடுக்கு உதிரும். இன்று ஒரு மருந்து கூடும், நாளை மற்றொன்று கூடும். ஒழுங்காகவே உடைந்தாலும் இரண்டு மருந்தும் ஒன்றாகக் குறைகிறது. எது அதிகம் என்று தெரியாமல் இரண்டையும் குறைத்ததாகிவிடும்.

டெல்மிசார்டானுக்கு இன்னொரு குணம், காற்றின் ஈரத்தை இழுக்கும். அட்டையிலிருந்து பிரித்து, பாதியைப் போட்டு, மீதிப் பாதியை டப்பாவில் வைத்தால் மறுநாள் ஓரம் பொரிந்து, தொட்டால் மாவாக வரும். அதைப் போடாதீர்கள். கூட்டு மாத்திரையை விட்டுத் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். டெல்மிசார்டான் 20, அம்லோடிபின் 2.5 எல்லாம் கடையில் கிடைக்கிறவைதான். அளவு நிலைத்த பிறகு கூட்டு மாத்திரைக்குத் திரும்பலாம்.

பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல்., எஸ்.ஆர்., ரிடார்ட் என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும்படி செய்தது. நிஃபெடிபின் ரிடார்ட்டை உடைத்தால் ஒருநாள் மருந்து ஒரே மூச்சில் இறங்கும். மெட்டோபிரோலால் எக்ஸ்.எல். சிலவற்றில் நடுவே கோடு இருக்கும்; அந்தக் கோட்டில் உடைக்கலாம், ஆனால் பொடிக்கவோ கடிக்கவோ கூடாது.

எனக்கு பைபாஸ் ஆனது. பம்பிங் 35 சதவீதம்தான் என்றார்கள். மெட்டோபிரோலால், சாகுபிட்ரில்-வால்சார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போடுகிறேன். பிரஷர் 96/60. நடக்கிறேன், தலைசுற்றல் இல்லை. அளவு குறைவாக இருப்பதால் பயந்து சில நாள் மாத்திரையை விட்டுவிடுகிறேன்.
– வாசகர், மதுரை

விடாதீர்கள். இந்த மூன்றும் பிரஷருக்காகக் கொடுத்தவை அல்ல, களைத்துப்போன இதயத்துக்காகக் கொடுத்தவை. பம்பிங் குறைந்தவர்களுக்கு 95, 100 என்ற அளவில், தலைசுற்றல் இல்லாமல், சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தால் அதை ஏற்றுக்கொண்டுதான் வைத்தியம் செய்கிறோம். மெட்டோபிரோலாலைத் திடீரென்று விடுவது இவற்றில் மோசமானது. இத்தனை நாள் அடக்கி வைத்த துடிப்பு ஒரேயடியாக எகிறும். நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போனவர்கள் உண்டு. நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான் இறக்குவார்கள். நாடி 50-க்குக் கீழே போனால் மட்டும் உடனே இதய டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாளைக்குத் தலை சுற்ற ஆரம்பித்தாலும் இந்த மூன்றைத் தொடுவதற்கு முன் டாக்டர் பார்க்க வேண்டியவை வேறு. பழைய சீட்டில் பிரஷருக்காக எழுதிய அம்லோடிபினோ பிராசோசினோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கால் வீக்கமும் மூச்சிரைப்பும் வடிந்த பிறகும் ஃபுரோஸமைடு என்ற நீர் மாத்திரை பழைய அளவிலேயே ஓடுகிறதா? எல்லா மாத்திரையையும் காலை 8 மணிக்கு ஒரே கையில் விழுங்குகிறீர்களா? அவற்றை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளித்தள்ளிப் போடச் சொன்னாலே பலருக்குக் கிறுகிறுப்பு அடங்கிவிடும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நீர் சேர்கிறது என்று பொருள்.

பிரஷர் இறங்கினால் உடனே ஊறுகாய் அல்லது உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

ஊறுகாய் அந்த நிமிடத்துக்கு உதவாது. சாயங்காலம் பிரஷரை ஏற்றிவிடும், மறுநாள் அதற்கு ஒரு மாத்திரை என்று ஊஞ்சல் ஆடும். படுக்க வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்துங்கள். நல்ல நினைவோடு இருந்தால் இரண்டு டம்ளர், அதாவது 400 முதல் 500 மி.லி., வெறும் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகக் குடிக்கக் கொடுங்கள். எழுந்தால் பிரஷர் இறங்குகிறவர்களுக்கு இது சில நிமிடத்திலேயே வேலை செய்யும். தண்ணீர் அளவு வைத்திருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இது பொருந்தாது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இரண்டு நாளாக வாந்தி, பேதி. பிரஷருக்கு ராமிபிரில், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின். “மாத்திரையை மட்டும் விடாதே” என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகி, விழுப்புரம்

சாதாரண நாளில் அவர் சொல்வது சரி. பேதி நாளில் தப்பு. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைத் தானே இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கும். ராமிபிரில், எனலாப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் போன்றவை அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். மேலே நீர் மாத்திரையும் ஒரு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரண்டே நாளில் கிரியாட்டினின் ஏறிவிடும். டாபாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியே இன்னும் நீரை இழுக்கும். சாப்பிடாமல் இருக்கும்போது ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தும் உண்டு. மெட்ஃபார்மினும் சிறுநீரகம் தளரும்போது தேங்கும்.

அதனால் உங்களுடைய மூன்றையும் இந்தச் சமயத்தில் நிறுத்தி வைப்பதுதான் வழக்கம். இன்றே டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வழக்கம்போலச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனதும் பழைய அளவிலேயே தொடருங்கள். பலர் நிறுத்துவார்கள், தொடர மறந்துவிடுவார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை நிறுத்தக் கூடாது; சர்க்கரையை அடிக்கடி பார்த்து அளவைக் கேட்டு மாற்ற வேண்டும். அட்டெனலால், மெட்டோபிரோலால், குளோனிடின் மூன்றும் இந்தப் பட்டியலில் சேராது. டாக்டர் சொல்லாமல் விடக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளர் டம்ளராகப் பிரித்துக் கரைப்பதில்தான் தப்பு நடக்கிறது. ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளர், மிடறு மிடறாக. எதுவும் வயிற்றில் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய கட்டம்.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் 0.4 ஆரம்பித்த பிறகு, ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டுகிறது. பிரஷருக்குப் பிராசோசினும் டெல்மிசார்டானும் போடுகிறேன். வயது 66.
– வாசகர், யாழ்ப்பாணம்

டாம்சுலோசினும் பிராசோசினும் ஒரே குடும்பம். ஒன்று புராஸ்டேட் தசையைத் தளர்த்தக் கொடுத்தது, மற்றொன்று ரத்தக் குழாயைத் தளர்த்த. இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு, ஒரே வேலை. குறைக்க வேண்டியது எது என்று இங்கே அதிகம் யோசிக்கத் தேவையிருக்காது: பிராசோசினைப் படிப்படியாக எடுத்துவிட்டு, பிரஷருக்குத் தேவைப்பட்டால் வேறு வகை சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டு சீட்டையும் ஒரே டாக்டர் முன் வையுங்கள்.

டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் இறக்கம் கூடும். சில நாள் விட்டுப்போனால் நீங்களாகவே மறுபடி தொடங்காதீர்கள். முதல் வேளையில்தான் இந்தக் குடும்பத்து மருந்துகள் ஆளைச் சாய்க்கும். ராத்திரி எழும்போது கட்டிலில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்திருங்கள். சிறுநீரை உட்கார்ந்தே கழியுங்கள்.

இரண்டு விஷயம், கேட்காமலே சொல்கிறேன். கண்புரை அறுவை வந்தால் டாம்சுலோசின் போடுவதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுவையின்போது கருவிழித்திரை தொளதொளத்துச் சிரமம் கொடுக்கும். அடுத்து, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர்கள் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையைத் தொடவே கூடாது. பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

ஏழு மாதத்தில் 88 கிலோவிலிருந்து 77-க்கு வந்துவிட்டேன். தினமும் நடை, உப்பு குறைவு. லோசார்டான் 50, அம்லோடிபின் 5. இப்போது 106/66. முழுக்க நிறுத்திவிடலாமா? வீட்டில் சோடியம் குறைந்த உப்பும் வாங்கியிருக்கிறோம்.
– வாசகர், சேலம்

நல்ல காரணத்துக்காக இறங்கிய பிரஷர். ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் சுமார் 1 இறங்கும். உப்பும் நடையும் அதற்கு மேல். டாக்டரிடம் ஒன்றைக் குறைத்து, மூன்று நான்கு வாரம் பார்த்து, பிறகு அடுத்தது என்று போனால் சிலர் மாத்திரையே இல்லாமல் இருக்க முடிகிறது. பலருக்கு ஏதாவது ஒன்று மிஞ்சும். நிறுத்திய மாதத்தில் நன்றாக இருந்துவிட்டு, ஆறாவது மாதம் சத்தமில்லாமல் 150-க்குப் போவதும் நடக்கும். மாதம் ஒருமுறையாவது அளந்துகொண்டே இருங்கள்.

அந்த உப்பை மட்டும் ஒதுக்கி வையுங்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். லோசார்டான் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்து டாக்டர் சரி என்ற பிறகு திறக்கலாம்.

கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: முயற்சி எதுவும் செய்யாமலே எடையும் பிரஷரும் சேர்ந்து இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். பரிசோதனை தேவை.

பாட்டிக்கு 84 வயது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். சித்தப்பா டவுனில் தனியார் டாக்டரிடமும் காட்டினார். இப்போது 100/54, இரண்டு முறை விழுந்துவிட்டார்.
– வாசகி, தர்மபுரி

பாட்டியின் மாத்திரைப் பையைப் பாயில் கொட்டுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள், கம்பெனி வைத்த பெயரை அல்ல. அரசு அட்டையில் அம்லோடிபின் என்று இருக்கும். டவுனில் வாங்கிய கலர் அட்டையின் பெயர் வேறாக இருந்தாலும், பின்னால் “அம்லோடிபின் 5 மி.கி.” என்றே இருக்கலாம். ஒரே மருந்து இரண்டு வேஷத்தில் வருவது ரொம்ப சகஜம். அப்படி இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அட்டெனலால் இருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். 80 தாண்டியவர்களுக்கு 150/90-க்குக் கீழே இருந்தாலே போதும் என்று பல டாக்டர்கள் வைத்துக்கொள்கிறார்கள். 120-க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று விரட்டுவதில்லை. அந்த வயதில் ஒரு இடுப்பு எலும்பு முறிவு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும். அடுத்த முறை மாத்திரையோடு வரும் பணியாளரிடம் நின்ற நிலையில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். “இரண்டு முறை விழுந்தார்” என்பதைச் சொல்லி நோட்டில் எழுத வையுங்கள். மாத்திரையை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்தான் மாற்ற வேண்டும். விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்து, பாட்டி ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ போடுகிறார் என்றால் அதற்கும் பரிசோதனை தேவை.

காலை மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினால் பகல் கிறுகிறுப்பு போய்விடுமா?
– வாசகர், தூத்துக்குடி

சிலருக்குப் போகும். 21,000-க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்து 2022-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. நீர் மாத்திரையை மட்டும் ராத்திரிக்குத் தள்ளாதீர்கள். இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். ராத்திரி எழுந்து விழுகிறவர்கள் மற்ற மாத்திரைகளையும் தள்ளாமல் இருப்பது நல்லது.

அம்மா மறதியில் காலை மாத்திரையை இரண்டு முறை போட்டுவிட்டார். அம்லோடிபின் 5, ஒன்று கூடுதல். பயப்பட வேண்டுமா?
– வாசகர், செங்கல்பட்டு

ஒரே ஒரு வேளை கூடுதல் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் அளந்து “நன்றாக இருக்கிறது” என்று விட்டுவிடாதீர்கள். அம்லோடிபின் உச்சத்துக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், தனியாக மாடிப்படி ஏற விடாதீர்கள். மறுநாள் மாத்திரை போடுவதற்கு முன் ஒருமுறை அளந்துவிட்டு, குறைவாக இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். மூன்று நான்கு மாத்திரை உள்ளே போயிருந்தாலோ, குழந்தை ஒரே ஒரு மாத்திரையை விழுங்கியிருந்தாலோ, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். டெல்மிசார்டான் போன்றவற்றை அட்டையோடு கத்தரித்து அந்தந்த அறையில் போட்டு வையுங்கள். செவ்வாய் அறை காலியாக இருந்தால் செவ்வாய்க்கிழமை மாத்திரை போட்டாயிற்று.